மாட்டுக்குக் கயிறு, டிரெய்லருக்குப் புத்தகம்

(வானொலி வேளாண் ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கார்த்திகை தீபத்தையொட்டி திருவண்ணாமலையில் மாட்டுச் சந்தை கூடுவது உங்களுக்குத் தெரியும். கையை நீட்டி, மேலே துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். விலை படிந்து, பணத்தை எண்ணிக் கொடுத்து, கயிறும் கைமாறிவிட்டால் அதோடு சரி. மறுநாள் அந்த மாடு யாரையாவது முட்டினால், விற்றவரைத் தேடி யாரும் வரமாட்டார்கள்.

டிராக்டர் டிரெய்லர் அப்படி இல்லை. நீங்கள் விற்றுவிட்டீர்கள், பணமும் வாங்கிவிட்டீர்கள், வாங்கியவரும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஆனாலும் ஆர்.சி. புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்கிற வரைக்கும் சட்டத்தின் கண்ணுக்கு அந்த டிரெய்லர் உங்களுடையதுதான். மாட்டுக்குக் கயிறு எப்படியோ, டிரெய்லருக்குப் புத்தகம் அப்படி. புத்தகம் கைமாறாவிட்டால் வண்டி கைமாறவில்லை. இன்றைக்கு நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

செங்கம், போளூர், கீழ்பென்னாத்தூர், தண்டராம்பட்டு என்று எந்தப் பக்கம் போனாலும் வேப்பமரத்தடியில் ஒரு பழைய டிரெய்லர் நிற்பதைப் பார்க்கலாம். சிலர் இதைப் பெட்டி என்பார்கள், சிலர் டிப்பர் என்பார்கள். டிராக்டரை விற்றிருப்பார்கள், அல்லது வாடகை வண்டியே போதும் என்று இருந்துவிடுவார்கள். டிரெய்லர் மட்டும் மழையில் நனைந்து துருப்பிடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மழைக்காலமும் அதன் விலையில் கொஞ்சத்தைத் தின்றுவிடுகிறது. தேவை இல்லை என்றால் காலத்தில் விற்றுவிடுவது நல்லது. தரகர் இல்லாமல் நீங்களே நேராக விற்பது எப்படி, அதற்கு டிரெய்லரை எப்படித் தயார் செய்வது என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் காகிதம், பிறகு பெயின்ட்

பெரும்பாலோர் விற்க வேண்டும் என்று நினைத்தவுடன் பெயின்ட் டப்பா வாங்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் பெட்டியைத் திறந்து ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். டிராக்டருக்குத் தனிப் புத்தகம், டிரெய்லருக்குத் தனிப் புத்தகம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-வது பிரிவு, மற்ற மோட்டார் வாகனங்களைப் போலவே டிரெய்லருக்கும் பதிவு வேண்டும் என்று சொல்கிறது. திருவண்ணாமலை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவான வண்டி என்றால் டி.என். 25 என்று எண் தொடங்கும்.

புத்தகத்தில் ஐந்து விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, யார் பெயரில் இருக்கிறது? நம் கிராமங்களில் அப்பா காலமாகி எட்டு வருஷம் ஆகியிருக்கும், புத்தகம் இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கும். அப்படியே விற்க முடியாது. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. காலம் கடந்திருந்தாலும் இப்போதாவது மாற்றுங்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டும் வேண்டும். அண்ணன் தம்பி நாலு பேர் இருந்தால் எல்லோரும் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டிவரும். விலை பேசி அட்வான்ஸ் வாங்கிய பிறகு தம்பி, "என் பங்கு என்ன ஆச்சு?" என்று கேட்டால் வியாபாரமும் கெடும், உறவும் கெடும்.

இரண்டு, வங்கிக் கடன் குறிப்பு இருக்கிறதா? டிராக்டருக்குக் கடன் வாங்கும்போது டிரெய்லரையும் சேர்த்தே எழுதியிருப்பார்கள். கடனைக் கட்டி முடித்துவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருப்போம். ஆனால் கடனைக் கட்டினால் மட்டும் புத்தகத்தில் இருக்கிற குறிப்பு தானாக அழியாது. வங்கியில் அல்லது கூட்டுறவுச் சங்கத்தில் கடன் தீர்ந்த கடிதமும், அவர்கள் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கிப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்தால்தான் குறிப்பு நீங்கும்.

மூன்று, பதிவு எதுவரை செல்லும்? விவசாய உபயோகத்துக்குப் பதிவான வண்டி என்றால் 15 ஆண்டு முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். வாடகை ஓட்டத்துக்கு என்று பதிவானது என்றால் தகுதிச் சான்றும் கேட்பார்கள். உங்களுடையது எந்த வகை என்று தெரிந்து, வாங்க வருகிறவருக்கும் அதையே சொல்லுங்கள்.

நான்கு, சேஸிஸ் எண். புத்தகத்தில் உள்ள எண் டிரெய்லரின் சட்டத்தில் அடிக்கப்பட்டிருக்கும். பழைய பெயின்டும் துருவும் மூடியிருக்கும். அந்த இடத்தை மெதுவாகத் தேய்த்து, எண்ணுக்கு எண் பொருந்துகிறதா என்று பாருங்கள். கிரைண்டர் போட்டுத் தேய்க்க வேண்டாம். எண் அழிந்துவிட்டால் நல்ல வண்டியும் திருட்டு வண்டி போலத் தெரியும்.

ஐந்து, மாற்றம் ஏதாவது செய்திருக்கிறீர்களா? வைக்கோலும் கரும்பும் அதிகம் ஏற்றுவதற்காகச் சிலர் பெட்டியை உயர்த்தி, நீட்டிக் கட்டியிருப்பார்கள். புத்தகத்தில் ஓர் அளவும் வண்டியில் வேறு அளவும் இருந்தால் பெயர் மாற்றும்போது இடையூறு வரும். அனுமதி இல்லாமல் கட்டிய நீட்சியை எடுத்துவிட்டுப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது நல்லது.

இதோடு இன்னொன்று. டிரெய்லரை அரசு மானியத்தில் வாங்கியிருந்தால், குறிப்பிட்ட காலம் விற்கக்கூடாது என்று நிபந்தனை இருக்கலாம். உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு அப்புறம் விலை பேசுங்கள்.

கழுவித் தட்டிப் பாருங்கள்

காகிதம் சரியாகிவிட்டது. இனி வண்டிக்கு வருவோம். முதல் வேலை கழுவுவது. மேடையில் ஒட்டியிருக்கும் தொழு உரம், மண், உரத் துகள் எல்லாம் போக வேண்டும். முக்கியமாகப் பொட்டாஷ் உரம் ஏற்றிய டிரெய்லரைச் சும்மா விடாதீர்கள். நாம் போடுகிற மியூரேட் ஆஃப் பொட்டாஷ் என்பது குளோரைடு உப்பு. சமையல் உப்பு இரும்பை எப்படி அரிக்குமோ அப்படியே இதுவும் அரிக்கும். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு தகட்டின் மூலை முடுக்கில் இருந்தே தின்னும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, பின்கதவைத் திறந்துவைத்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் காய விடுங்கள்.

காய்ந்த பிறகு சின்னச் சுத்தியலால் மேடைத் தகட்டையும், அடியில் உள்ள சேனலையும் அங்கங்கே தட்டுங்கள். நல்ல இரும்பு கணீர் என்று ஒலிக்கும். உளுத்த இடம் மொத்தென்று ஒலிக்கும். மொத்தென்று கேட்கிற இடத்தில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போடுங்கள். வேலை எங்கே இருக்கிறது என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

உயிர் இருக்கும் இடம் கொக்கி

டிரெய்லரில் மற்ற எந்தப் பாகம் கெட்டாலும் பண நஷ்டம்தான். டிராக்டரோடு கோக்கிற வளையமும் டிராபாரும் கெட்டால் உயிர் நஷ்டம். பாரத்தோடு ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது கழன்றுகொண்டால் பின்னால் வருகிறவர் கதி என்ன?

வளையத்தின் உட்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். பின் உராய்ந்து உராய்ந்து ஒரு பக்கம் மெலிந்திருக்கும். கண்ணுக்கே தெரிகிற அளவு மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அதன் மேல் வெல்டிங் மொழுக வேண்டாம்.

அடுத்து விரிசல். டிராபார் மேடைச் சட்டத்தோடு சேரும் மூட்டில்தான் விரிசல் முதலில் விழும். வெறுங்கண்ணுக்கு எளிதில் தெரியாது. அதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. மூட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, மண்ணெண்ணெய் தடவுங்கள். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசல் போதும். கால் மணி நேரம் கழித்துத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்கட்டிப் பொடியையோ காய்ந்த சுண்ணாம்புப் பொடியையோ மேலே பூசுங்கள். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து வெள்ளைப் பொடியில் ஈரக்கோடாகத் தெரியும். மயிரிழை விரிசல்கூட இப்படிப் பல சமயம் காட்டிக் கொடுத்துவிடும்.

கோடு தெரிந்தால் என்ன செய்வது? நல்ல பட்டறையில் விரிசலைக் குடைந்து முழு ஆழத்துக்கு வெல்டிங் செய்து, மேலே பட்டை வைத்துப் பலப்படுத்தச் சொல்லுங்கள். வாங்குகிறவரிடம், "இந்த இடத்தில் விரிசல் இருந்தது, இப்படிச் சரிசெய்திருக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். புட்டி வைத்து அடைத்துப் பெயின்ட் பூசுவதை மட்டும் செய்யாதீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அது. நாலு நடை பாரம் ஏற்றினால் புட்டி உதிர்ந்துவிடும். அதற்குள் அந்த வண்டிக்குப் பின்னால் யாருடைய பிள்ளை சைக்கிளில் வந்துகொண்டிருக்குமோ, யார் கண்டது?

வெல்டிங் பற்றி ஓர் எச்சரிக்கை. சக்கரத்துக்குப் பக்கத்தில் வெல்டிங் செய்வதாக இருந்தால் சக்கரத்தைக் கழற்றித் தூர வைத்துவிட்டுச் செய்யுங்கள். காற்றடைத்த டயர் சூடேறினால் வெடிக்கும்.

சக்கரமும் பட்டையும்

ஒவ்வொரு பக்கமாக ஜாக்கி போட்டுத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சுக்கு அடியில் கனமான கட்டையை முட்டுக் கொடுத்து, எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். பிறகு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் பேரிங் தளர்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. சுற்றிவிட்டால் கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே தூசியும் தண்ணீரும் போயிருக்கிறது. மூடியைக் கழற்றி, பழைய கிரீஸை டீசலில் கழுவி, பேரிங்கை வெளிச்சத்தில் பாருங்கள். உருளையில் குழி விழுந்திருந்தால் புதிது போடுங்கள். ஆயில் சீலையும் அப்போதே மாற்றிவிடுங்கள். புது கிரீஸ் அடைத்து, ஸ்ப்ளிட் பின்னும் புதிதாகவே போடுங்கள்.

பிறகு ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து சக்கரத்தின் நடு மூடியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே சூடாக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அந்தப் பக்கத்தில் இன்னும் கோளாறு இருக்கிறது.

டயரின் வயதை அதன் ஓரத்திலேயே படிக்கலாம். நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்று இருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ரீட்ரெட் செய்த டயர் என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். விற்பதற்காகப் புது டயர் போட வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். தேவையில்லை. டயருக்கு நீங்கள் போட்ட பணம் அப்படியே விலையில் திரும்ப வராது. நூல் தெரிகிற டயர், வெடித்த டயர் இருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

ஸ்பிரிங் பட்டை இருக்கிற டிரெய்லர் என்றால் ஒவ்வொரு பட்டையாக எண்ணி, உடைந்தது இருக்கிறதா என்று பாருங்கள். யூ போல்ட்டுகளை முறுக்கி வையுங்கள்.

தூக்கும் டிப்பருக்கு

ஹைட்ராலிக் டிப்பர் என்றால் மேடையைத் தூக்கி நிறுத்திப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். தானாக இறங்கினால் சிலிண்டரின் சீலில் அல்லது வால்வில் கசிவு இருக்கிறது. ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். எண்ணெய் கசியும் இடத்தைக் கையால் தடவித் தேடக்கூடாது. அழுத்தத்தோடு பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒரு அட்டையை நீட்டிப் பாருங்கள்.

தூக்கிய மேடைக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் யாரும் தலையை நீட்டாதீர்கள். வாங்க வந்தவரையும் நீட்ட விடாதீர்கள். மேலே மின்கம்பி போகிற இடத்தில் டிப்பரைத் தூக்கிக் காட்டவும் வேண்டாம்.

பெயின்ட்டும் பின்பக்க எண்ணும்

இப்போது பெயின்ட் அடிக்கலாம். துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத் தாளாலும் தேய்த்து, தூசி போகத் துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு பூச்சு. காய்ந்ததும் எனாமல் பெயின்ட் இரண்டு பூச்சு. ஓட்டை விழுந்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்த பிறகு அடியுங்கள். சேஸிஸ் எண் உள்ள இடத்தில் மட்டும் பெயின்டைத் தடிப்பாக அப்ப வேண்டாம்.

நான் சொல்கிற இன்னொரு விஷயம் பலர் கவனிக்காதது. சட்டப்படி டிரெய்லரின் சொந்த எண் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும். பின்பக்கத்தில், அதை இழுக்கிற டிராக்டரின் எண் இருக்க வேண்டும். ஆகவே உங்கள் டிரெய்லரின் பின்கதவில் உங்கள் டிராக்டர் எண் எழுதியிருக்கும். விற்கும்போது அதை அழித்துவிடுங்கள். உங்கள் பெயர், ஊர்ப் பெயர், வீட்டுப் பெயர் இருந்தால் அதையும் அழியுங்கள். வாங்கினவர் ராத்திரியில் யார் மீதோ மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தவர்கள் பின்பக்க எண்ணைத்தான் சொல்வார்கள். விடிந்தால் போலீஸ் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும். பக்கவாட்டில் உள்ள டிரெய்லர் எண்ணை மட்டும் தெளிவாக எழுதி வையுங்கள்.

ஒளிரும் பட்டையையும் மறக்காதீர்கள். பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள். பௌர்ணமி இரவில் கிரிவலத்துக்கு வரும் பஸ்ஸும் காரும் திருவண்ணாமலைச் சாலைகளில் எவ்வளவு என்று நமக்குத் தெரியும். கரும்பு ஏற்றிய டிரெய்லர் விளக்கும் பட்டையும் இல்லாமல் ஓரத்தில் நின்றால், பின்னால் வருகிறவர் கண்ணுக்கு அது இருட்டோடு இருட்டாகத்தான் இருக்கும். சின்னச் செலவு, பெரிய காவல்.

என்ன விலை சொல்வது?

இரண்டு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். கீழ் எல்லை, இரும்பு விலை. வெறும் டிரெய்லரை எடை மேடையில் நிறுத்திச் சீட்டு வாங்குங்கள். எடை 1,200 கிலோ, பழைய இரும்பு கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 36,000 ரூபாய். இது கணக்குக்காகச் சொல்வது. உங்கள் ஊரில் அன்றைய விலையைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஓடுகிற டிரெய்லரை இதற்குக் கீழே கேட்டால், கேட்கிறவர் உங்கள் அவசரத்துக்கு விலை சொல்கிறார் என்று அர்த்தம். மேல் எல்லை, அதே அளவுப் புது டிரெய்லரைப் பட்டறையில் கட்டினால் ஆகிற செலவு. இந்த இரண்டுக்கும் நடுவில் டயர், பேரிங், மேடைத் தகடு ஆகியவற்றின் நிலைமைக்குத் தக்கபடி விலை நிற்கும். புத்தகம் சுத்தமாக இருந்தால் விலை மேலே போகும். புத்தகம் இல்லாத டிரெய்லருக்கு இரும்பு விலைக்கு மேல் நல்ல ஆள் தரமாட்டார். தருகிற ஆளிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

பருவமும் பார்க்க வேண்டும். சம்பா அறுவடைக்கு முன்னாலும், கரும்பு வெட்டு தொடங்குவதற்கு முன்னாலும், கோடையில் தொழு உரமும் வண்டல் மண்ணும் அடிக்கிற காலத்திலும் டிரெய்லரைத் தேடி ஆள் வரும். அடைமழையில் விற்கப் போனால் கேட்கிறவர் குறைவு.

வாங்க வருகிறவரிடம் குறைகளை நீங்களே முதலில் சொல்லுங்கள். எடைச் சீட்டு, பேரிங் வாங்கிய பில், பட்டறை பில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு முன்னால் வையுங்கள். அவர் ஆள் ஒருவரை அழைத்து வந்து பார்க்கட்டும், ஓட்டிப் பார்க்கட்டும். ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவர் விலையில் உறுதியாக நிற்கலாம்.

கையெழுத்துப் போடுமுன் நில்லுங்கள்

விலை படிந்துவிட்டது. இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். "அண்ணே, படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, பேர் மாத்தறதை நான் பாத்துக்கறேன்" என்று வாங்குகிறவர் சொல்வார். தேதியும் பெயரும் எழுதாத வெற்றுப் படிவத்தில் நாமும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவோம். அவர் அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டுவார். அப்புறம் இன்னொருவருக்கு விற்பார். அவர் மூன்றாவது ஆளுக்கு விற்பார். வண்டி மாவட்டம் தாண்டிப் போயிருக்கும். புத்தகத்தில் மட்டும் உங்கள் பெயர்.

அந்த டிரெய்லர் ஆற்று மணல் கடத்தலில் பிடிபட்டால் யாரைத் தேடி வருவார்கள்? இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடி ஓர் ஆளை அடித்துவிட்டால் யார் மேல் நஷ்ட ஈடு கேட்பார்கள்? "நான்தான் விற்றுவிட்டேனே" என்று சொன்னால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. 2018-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அதில் வண்டி ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு என்று பல கை மாறியிருந்தது. 2009-ம் ஆண்டில் விபத்து நடந்தபோது அது வேறொருவரிடம் இருந்தது. ஆனால் பதிவு முதல் ஆளின் பெயரிலேயே இருந்தது. பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்ட ஈட்டுப் பொறுப்பு அவருடையது என்று தீர்ப்பு வந்தது. விபத்தில் அடிபட்டவரோ, செத்தவரின் குடும்பமோ, வண்டி எந்தெந்தக் கைக்குப் போயிற்று என்று தேடி அலைய வேண்டியதில்லை என்பது அதன் நியாயம். நியாயம்தான். ஆனால் நம் பக்கத்தில் அதன் விலை என்ன? ஐம்பதாயிரம் ரூபாய்க்கு விற்ற டிரெய்லருக்காக ஓர் ஏக்கர் நிலத்தை விற்க வேண்டி வரலாம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள்.

படிவம் 29 என்பது நீங்கள் விற்றதைத் தெரிவிக்கும் படிவம். படிவம் 30 பெயர் மாற்றக் கேட்கும் விண்ணப்பம். இரண்டிலும் வாங்குகிறவர் பெயர், விலாசம், தேதி, டிரெய்லர் எண், சேஸிஸ் எண் எல்லாம் எழுதின பிறகே கையெழுத்துப் போடுங்கள். தமிழ்நாட்டுக்குள் விற்றால் விற்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆந்திரம், கர்நாடகம், புதுச்சேரி ஆள் வாங்கினால் நமது அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்து, ஆட்சேபணை இல்லை என்ற சான்று முதலில் வாங்க வேண்டும்.

விண்ணப்பத்தைப் பரிவாகன் இணையதளத்தில் பதியலாம். கைபேசியில் செய்யத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் உதவி கேளுங்கள், இல்லாவிட்டால் இ-சேவை மையத்தில் கேட்டுப் பாருங்கள். நான் சொல்வது, வாங்குபவரும் நீங்களும் ஒரு நாள் சேர்ந்தே ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் வந்துவிடுங்கள். ஒரு நாள் கூலி போகும். பல வருஷ நிம்மதி கிடைக்கும்.

இன்சூரன்ஸையும் பாருங்கள். டிராக்டரின் பாலிசியில் டிரெய்லரின் எண்ணும் எழுதியிருக்க வேண்டும். வாங்குபவர் 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். டிரெய்லர் விவசாயச் சரக்குக்கு உரியது, ஆள் ஏற்றிக்கொண்டு கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் போவதற்கு உரியதல்ல என்பதையும் அவருக்குச் சொல்லிவிடுங்கள். அப்படிப் போய் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடக்கூடும்.

பணம் முழுவதும் வந்து சேராமல் அசல் புத்தகத்தையும் வண்டியையும் கொடுக்காதீர்கள். கூடியவரை பணத்தை வங்கிக் கணக்கில் வாங்குங்கள். அது ஒரு சாட்சி. ஒப்படைக்கிற அன்றைக்கு ஒரு சீட்டு எழுதுங்கள். இன்ன எண் டிரெய்லரை, இன்ன தேதி, காலை இத்தனை மணிக்கு, இன்ன ரூபாய்க்கு, இன்னாரிடம் ஒப்படைத்தேன் என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சி போட்டு, ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நேரம் எழுதுவது அவசியம். காலையில் விற்ற வண்டி மத்தியானம் விபத்தில் சிக்கினால் அந்த ஒரு வரி உங்களுக்கு உதவும். ஆனால் சீட்டு மட்டும் உங்களைக் காப்பாற்றிவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பெயர் மாற்றத்துக்குச் சீட்டு ஈடாகாது.

ஒரு மாதம் கழித்து, டிரெய்லர் எண்ணைப் போட்டுப் பரிவாகன் தளத்தில் பாருங்கள், அல்லது ஆபீஸில் கேளுங்கள். பெயர் மாறியிருந்தால் உங்கள் வேலை முடிந்தது. மாறாமல் இருந்தால் வாங்கியவர் வீட்டுக்கு அன்றைக்கே ஒரு நடை போய் வாருங்கள். வெட்கப்பட வேண்டாம். அவர் மேல் சந்தேகப்பட்டுப் போகவில்லை, உங்கள் நிலத்தையும் பிள்ளைகளையும் நினைத்துப் போகிறீர்கள்.

உழவர் பெருமக்களே, சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். முதலில் புத்தகம் யார் பெயரில் என்று பாருங்கள். கடன் குறிப்பை நீக்குங்கள். கொக்கியையும் டிராபாரையும் சோதித்து, குறையைச் சரிசெய்து, வாங்குகிறவருக்குச் சொல்லுங்கள். பின்பக்கத்து எண்ணை அழியுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பெயர் மாறிவிட்டதா என்று கண்ணால் பார்க்கும் வரை வியாபாரம் முடிந்ததாக எண்ணாதீர்கள்.

வேப்பமரத்தடியில் டிரெய்லர் நிற்கிறவர்கள் நாளைக் காலையிலேயே ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்.